பிற சமயம் அறிதல்

தொண்டை நாட்டில், கமண்டல நாகநதியின் கரையில் விளங்கும் ஆரணி நகரம் கோட்டையாலும் கோயிலாலும் நெசவாலும் பெயர் பெற்றது. அதன் கோட்டைப்புறத்தில் 1751-ஆம் ஆண்டில் கிளைவின் படையும், 1782-ஆம் ஆண்டில் ஐதர் அலியின் படையும் போர் புரிந்தன. அப்போர்களின் ஆரவாரம் என்றோ அடங்கிவிட்டது. அடங்காமல் இன்றும் கேட்பவை கோயில் மணியோசையும் தறியோசையுமே. புதுக்காமூரில் எழுந்தருளியிருக்கும் புத்திரகாமேட்டீசுவரரைத் தசரதச் சக்கரவர்த்தி மகப்பேறு வேண்டி வழிபட்டான் என்று தலபுராணம் கூறும். அவ்வாலயத்தைச் சூழ்ந்த வீதிகளிலோ, பாவும் ஊடையுமாகப் பட்டிழை இணைந்து, மூர்த்திகளுக்குச் சாத்தும் பரிவட்டமாகவும் மணமகள் உடுக்கும் கூறைப்புடைவையாகவும் உருப்பெறுகிறது.

கும்பாபிஷேகத் திருப்பணிக்குப் பொருளும் உழைப்பும் நல்கும் அன்பர்கள் தத்தம் நம்பிக்கையின் ஆழத்தை நன்கறிவார்கள். எதற்காகக் கொடுக்கிறோம், யாருக்குக் கொடுக்கிறோம் என்பதில் அவர்களுக்கு ஐயமில்லை. ஆனால் அடுத்த ஊரில், வேறொரு திருமுன்பில் விளக்கேற்றி நிற்பவரின் நம்பிக்கையை அவர்கள் எவ்வாறு அறிவது? 'எல்லாச் சமயமும் ஒன்றே' என்று கூறி அகல்வது எளிது, மரியாதையாகவும் தோன்றும். உண்மையில் அது அடுத்தவர் கூறுவதைக் காது கொடுத்துக் கேளாமலே தப்பிக்கும் வழியாக முடிவதும் உண்டு. மறுப்பதற்கு வேண்டிய அளவு மட்டும் கற்றுக்கொள்வது மற்றொரு வழி. இவ்விரண்டினும் வேறான ஒரு நெறி தமிழ்நாட்டில் இருந்திருக்கிறது. அதன் வரலாறு ஆரணிப் பகுதியார் அறிந்து மகிழத்தக்கது.

ஆரணியைச் சுற்றியுள்ள நாட்டுப்புறம் தமிழ் ஜைனர்கள் பல நூற்றாண்டுகளாக வாழ்ந்துவரும் இடம். நயினார் என்னும் பட்டத்தால் அவர்களை ஊரார் அறிவர். ஆரணிக்கு அருகே பூண்டியில் பொன்னெழில்நாதர் ஆலயம் இருக்கிறது. போளூர்ப் பக்கத்தில் திருமலை இருக்கிறது. அங்கே பாறையில் செதுக்கிய நேமிநாதர் திருவுருவம் பதினாறடி உயரத்தில் நிற்கிறது. வந்தவாசி, செஞ்சி, திண்டிவனம் எனத் தொடரும் இப்பரப்பில்தான் அவர்களுடைய மடத்தலமாகிய மேல்சித்தாமூரும் உள்ளது. இவர்கள் வடநாட்டிலிருந்து வாணிகத்துக்காக வந்து குடியேறியவர்கள் அல்லர். தமிழே தாய்மொழியாகவும், உழவே பெரும்பான்மைத் தொழிலாகவும் கொண்டவர்கள்.

உழவு என்றவுடன் ஓர் ஐயம் எழும். கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்டு, பொழுது சாய்ந்தபின் விளக்கொளியில் சிற்றுயிர் விழுந்து மடியுமே என்று அஞ்சி இரவுணவையே விலக்கியவர்கள், மண்ணைக் கீறும் ஏரைக் கையில் பிடிக்கலாமா? ஏர்முனையில் எத்தனை புழுக்கள் மடியும்! இக்கேள்வியைக் கேட்டுவிட்டு, முரண்பாட்டைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று மகிழ்ந்து போனவர்கள் உண்டு. ஆனால் ஜைன நூல்கள் இதனை அறியாதவை அல்ல. துறவிக்கு உரிய மாவிரதம் வேறு, இல்லறத்தானுக்கு உரிய அணுவிரதம் வேறு என்று அவை பிரித்துக் காட்டுகின்றன. கொல்ல வேண்டும் என்று கருதிச் செய்யும் கொலை இல்லறத்தானுக்கும் அறவே ஆகாது. தொழிலிலும் சமையலிலும் தற்காப்பிலும் தன்னையறியாமல் நேரும் ஊறு அவனால் முற்றும் விலக்க இயலாதது. அதனை இயன்றவரை குறைத்து, நேர்ந்ததற்கு வருந்தி வாழ்வது அவன் கடன். இப்பாகுபாட்டை அறிந்தபின் அந்த நயினார் ஏர் பிடிக்கும் காட்சி முரண்பாடாகத் தோன்றாது. ஒவ்வொரு நாளும் கணக்குப் பார்த்து நடக்கும் ஒரு வாழ்க்கையாகத் தோன்றும். அதனை ஏற்பதும் ஏலாததும் பின்னைய செய்தி.

பட்டைப் பற்றியும் இவ்வாறே எண்ணிப் பார்க்கலாம். ஆரணியில் இதைப் பேசாமல் இருப்பது சரியன்று. பட்டுப்புழு தன்னைச் சுற்றி அமைத்த கூட்டை வெந்நீரில் இட்டே நீண்ட இழை அறாமல் எடுக்கிறார்கள். உள்ளிருக்கும் உயிர் அதில் மடிகிறது. கருநாடகத்திலிருந்து பெரும்பாலும் வரும் கச்சாப் பட்டு இவ்வாறு எடுக்கப்பட்டதே. பருத்தியை நாள்தோறும் நனைத்து உலர்த்தினால்தான் மடி. பட்டுக்கு அக்கட்டாயம் இல்லை என்பது வைதிக ஆசாரம். ஆகவே பூசைக்குப் பட்டுத் தூயது. அதே பட்டு, உயிர்க்கொலையால் வந்தது என்று கருதுவார்க்குத் தூய்மையற்றது. ஜைனரிலேயே பூசைக்குப் பட்டு உடுப்போரும் உண்டு. அதனைத் தீண்டாதோரும் உண்டு. இதை இரு சமயங்களின் வழக்கு என்று ஒதுக்கவும் இயலாது. காஞ்சி காமகோடி பீடத்துச் சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகள், உயிர்வதை கருதிப் பட்டாடையைத் தவிர்க்குமாறு அன்பர்களுக்கு உபதேசித்தார்கள். அவ்வுபதேசம் பட்டுத்தறியையே நம்பி வாழும் நெசவாளர் வீட்டில் எவ்வாறு கேட்டிருக்கும் என்பதும் எண்ணத்தக்கதே. மடி என்ற சொல்லுக்குள் இருக்கும் பக்தியையும், கொல்லாமை என்ற சொல்லுக்குள் இருக்கும் நடுக்கத்தையும் ஒருங்கே உணர்ந்தவர்க்கே இவ்வழக்கு உண்மையில் புரியும்.

பிறர் கொள்கையை முழுமையாகக் கேட்டல் சைவ மரபுக்குப் புதிதன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் அருளிய சிவஞான சித்தியாரில் சுபக்கத்துக்கு முன்னே பரபக்கம் வைக்கப்பட்டிருக்கிறது. புறச் சமயத்தார் ஒவ்வொருவரும் தம் கொள்கையை எவ்வாறு நாட்டுவரோ அவ்வாறே முதலில் கூறி, அதன்பின்னரே ஆசிரியர் மறுக்கப் புகுகிறார். எதிரியின் வாதத்தைச் சிறிதாக்கிக் காட்டி வெல்லுதல் வெற்றியாகாது என்பது அந்நூலின் ஒழுங்கு. இதனால் விளைந்த ஒரு பயனை ஆசிரியரே எதிர்பார்த்திருக்கமாட்டார். ஆசீவகம் என்னும் சமயம் வழக்கொழிந்து போயிற்று. அச்சமயத்தார் எழுதிய நூல் ஒன்றும் முழுமையாக எஞ்சவில்லை. 1951-இல் ஏ. எல். பாஷம் என்ற ஆங்கில அறிஞர் அதன் வரலாற்றை எழுதியபோது, பௌத்த, ஜைன நூல்களோடு தமிழில் உள்ள மணிமேகலை, நீலகேசி, சிவஞான சித்தியார் ஆகியவற்றையும் துணைகொள்ள வேண்டியிருந்தது. தன்னை மறுத்தவர்களின் ஏடுகளிலே அச்சமயத்தின் கொள்கை பிழைத்துக் கிடந்தது!

ஆயினும் நூலிலிருந்து கொள்கையை அறிவது ஒன்று. அக்கொள்கையை வாழ்பவனின் உள்ளத்தை அறிவது மற்றொன்று. இரண்டாவதற்குச் சீவக சிந்தாமணியின் வரலாற்றினும் சிறந்த சான்று தமிழில் காண்பது அரிது.

திருத்தக்கதேவர் என்னும் ஜைன முனிவர் இயற்றிய அக்காப்பியம், இன்று வழங்கும் பதிப்பின்படி, 3,145 செய்யுட்கள் கொண்டது. சைவ அன்பர்களுக்கு அந்நூற்பெயர் முதலில் நினைவூட்டுவது சேக்கிழார் பெருமானை. அநபாயச் சோழன் சிந்தாமணியின் சுவையில் ஈடுபட்டுப் பாராட்டியபோது, அமைச்சராக இருந்த சேக்கிழார் அதனை இடித்துரைத்துச் சிவனடியார் வரலாறுகளை எடுத்துக் கூறினார் என்றும், அதிலிருந்தே பெரியபுராணம் பிறந்தது என்றும் உமாபதி சிவாசாரியார் பெயரால் வழங்கும் சேக்கிழார் புராணம் கூறும். சமணரோடு அப்பரும் சம்பந்தரும் செய்த வாதங்களும் சைவர் உள்ளத்தில் ஊறியவை. இத்தகைய பின்னணியில் ஒரு சைவர் அந்த நூலைக் கையில் எடுப்பது சிறு செயல் அன்று.

எடுத்தவர்களுள் முன்னவர் நச்சினார்க்கினியர். மதுரையில் பிறந்த அந்தணர், சிவபக்தர், தொல்காப்பியம், பத்துப்பாட்டு, கலித்தொகை ஆகியவற்றுக்கு உரை கண்ட பேரறிஞர். அவர் சிந்தாமணிக்கு எழுதிய உரையைப் பற்றி ஒரு செவிவழிச் செய்தி வழங்குகிறது. முதலில் தம் தமிழ்ப் புலமையையே துணையாகக் கொண்டு உரை எழுதி ஜைன அறிஞர்களிடம் காட்டினாராம். அவர்கள் அதனை ஏற்கவில்லை. இலக்கணப் பிழை கண்டு அவர்கள் மறுக்கவில்லை. சொற்பொருளில் அவரை விஞ்சியவர் யார்? சமயக் கருத்து விளங்கவில்லை என்பதே குறை. பின்பு அவர் சித்தாமூர் சென்று, ஜைனருடன் தங்கி, அவர்களுடைய நூல்களைப் பாடங்கேட்டு, உரையை மீண்டும் எழுதினாராம். நடந்தது அவ்வாறேயோ என்று வாதிப்பது தேவையற்றது. இரண்டாம் முறை எழுதினார் என்று சொல்லிக்கொள்வதில் தமிழுலகம் பெருமை கொண்டதே, அக்கதை எதை உயர்வாக மதித்தது என்பதைக் காட்டும்.

ஏறக்குறைய ஐந்து நூற்றாண்டுகளுக்குப் பின் இதே நிகழ்ச்சி வேறொருவர் வாழ்வில் நடந்தது. இதற்குச் செவிவழிச் சான்று வேண்டா, அவரே எழுதியிருக்கிறார். 1855-இல் உத்தமதானபுரத்தில் பிறந்து, திருவாவடுதுறை ஆதீனத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்ற உ. வே. சாமிநாதையர் 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார். அவ்வாண்டு சேலம் இராமசாமி முதலியார் முன்சீபாக அங்கு வந்தார். ஐயரவர்கள் தாம் கற்ற அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் தலபுராணங்களையும் வரிசையாகச் சொன்னபோது முதலியார் வியக்கவில்லை. சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். படித்ததில்லை, பிரதியும் கிடைக்கவில்லை என்றே விடை கூற வேண்டியிருந்தது. முதலியார் ஒரு கையெழுத்துப் பிரதியை வருவித்துக் கொடுத்தார்.

படிக்கத் தொடங்கியதும் இடர் தெரிந்தது. தமிழ் விளங்கியது, பொருள் விளங்கவில்லை. திருவாவடுதுறை மடத்தில் ஆயிரக்கணக்கான செய்யுட்களைப் பாடங்கேட்ட ஒருவர்க்குச் சில சொற்கள் கதவடைத்து நின்றன. ஓர் எடுத்துக்காட்டைக் கருதலாம். சைவர் 'இறைவன்' என்று வாய் திறந்தால், படைத்தும் காத்தும் அழித்தும் மறைத்தும் அருளியும் ஐந்தொழில் இயற்றுபவன் என்னும் பொருள் உடன் வரும். ஜைனர் அருகனைப் போற்றும்போதும் மொழி ஏறக்குறைய இதுவே, உருக்கமும் இதுவே. ஆனால் அருகன் உலகைப் படைத்தவன் அல்லன். வேண்டுவார்க்கு வேண்டியதை ஈபவனும் அல்லன். வினைகளை வென்று நின்ற நிலையால் அவன் போற்றப்படுகிறான். தானும் அந்நிலை எய்த வேண்டும் என்பதே போற்றுபவன் கருத்து. ஒரே சொல்லுக்குள் இரண்டு வானங்கள் இருக்கின்றன. அகராதியைப் புரட்டி இந்த வேறுபாட்டை ஒருவர் கண்டுகொள்ள முடியாது.

கும்பகோணத்திலேயே ஜைனர் வாழும் தெரு உண்டு என்று அறிந்து ஐயரவர்கள் அங்கே சென்றார். அவர் சென்ற நாளில் வீட்டின் முன்னே தோரணம் கட்டி விழாக்கோலம் செய்யப்பட்டிருந்தது. காரணம் வினவியபோது, சிந்தாமணி சிரவணம் அன்று நிறைவுற்றது என்றனர். வீடூர் அப்பாசாமி நயினார் என்னும் பெரியவரிடம் அவர்கள் அந்நூலைப் பாடங்கேட்டு முடித்திருந்தனர். தமிழ்ப் புலவர் பலர் கண்ணாலும் காணாத நூல் ஒரு வீட்டில் இராமாயண பாராயணம் போல் ஓதப்பட்டு, நிறைவு நாளில் விழாவும் கொண்டாடப்பட்டது! புலவர்க்கு அது கிடைத்தற்கரிய ஏடு. அவ்வீட்டார்க்கு அது நல்வினைப் பயன் தரும் புண்ணிய நூல்.

அன்று தொடங்கிய நட்பு நெடுங்காலம் நீடித்தது. சந்திரநாத செட்டியார் முதலிய ஜைன அன்பர்களிடம் ஐயரவர்கள் ஐயங்களைக் கேட்டுக் கேட்டுத் தெளிந்தார். கல்லூரியில் ஆசிரியராக விளங்கியவர் அவ்வீட்டுத் திண்ணையில் மாணாக்கராக அமர்ந்தார். அவருடைய ஈடுபாட்டைக் கண்ட ஜைனர்கள் அவரைப் 'பவ்விய ஜீவன்' என்று கருதினர். வீடுபேற்றுக்குத் தகுதி பெற்ற உயிர் என்பது அதன் பொருள். அவர்கள் அளிக்கக்கூடிய பாராட்டுக்களில் அதனினும் உயர்ந்தது எது? ஐயரவர்கள் அதற்காக ஜைனராகிவிடவில்லை. திருநீறு அணிந்து சென்றவர் திருநீறு அணிந்தே திரும்பினார். அவர்களும் அவரை மாறும்படி கேட்கவில்லை. 1887-இல் சிந்தாமணி நச்சினார்க்கினியர் உரையோடு அச்சில் வெளிவந்தது. நூலின் முதற்பகுதியாகிய நாமகள் இலம்பகத்தைப் போவர் என்னும் பாதிரியார் 1868-இல் பதிப்பித்திருந்தார். முழுநூலும் உரையுடன் கிடைத்தது இப்போதுதான்.

நூலையே வேறு கண்ணால் காணும் பேறும் இதனால் கிடைத்தது. சீவகன் மகளிர் பலரை மணந்த கதையாதலால் இதனை மணநூல் என்பர். சுவைக்காகப் படித்தவர் அம்மணங்களிலேயே நின்றுவிடுவர். பதின்மூன்று இலம்பகங்களில் இறுதியானது முத்தி இலம்பகம். அரசும் இன்பமும் அனைத்தும் பெற்ற சீவகன் அவற்றைத் துறந்து செல்வதை அது கூறுகிறது. சிரவணம் செய்த வீட்டார் அவ்விறுதியை நோக்கியே ஒவ்வொரு நாளும் ஏட்டைத் திருப்பியிருப்பர். அநபாயனுக்குச் சேக்கிழார் கூறிய இடித்துரையும் சுவையிலேயே மயங்கி நின்ற உள்ளத்தை நோக்கியது என்று கொண்டால், அவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் பகை இல்லை எனலாம்.

பின்னர் 1898-இல் ஐயரவர்கள் மணிமேகலையைப் பதிப்பித்தபோது இத்தகைய உதவி கிட்டவில்லை. அது பௌத்த காப்பியம். தமிழ்நாட்டில் சென்று வினவுவதற்குப் பழைய பௌத்தக் குடிகள் இல்லை. தோரணம் கட்டிய வீடும் இல்லை. ஆங்கில நூல்களைக் கற்ற பேராசிரியர் இரங்காசாரியர் போன்றாரின் துணையால் அச்சமயக் கருத்துக்களை அவர் அறிந்துகொள்ள நேர்ந்தது. வேற்று நாட்டார் எழுதிய நூல் வழியே, காஞ்சியிலும் காவிரிப்பூம்பட்டினத்திலும் ஒருகாலத்தில் செழித்திருந்த சமயத்தை மீண்டும் அறிய வேண்டியதாயிற்று. அவர் அரிதின் முயன்று அறிந்தவற்றைப் பிறரும் அறியட்டும் என்று புத்தர் வரலாற்றையும் பௌத்த தருமத்தையும் தமிழில் எழுதிச் சேர்த்தார். ஆரணிப் பகுதியில் வாழ்வோர்க்கு அந்த இடர்ப்பாடு இல்லை. வினவ விரும்பினால் விடை கூறுவோர் பூண்டியிலும் திருமலையிலும் இருக்கின்றனர்.

அத்திருமலைக்குத் திருப்பணி செய்தவர்களுள் தலைமையானவர் இராசராச சோழனின் தமக்கையாராகிய குந்தவைப் பிராட்டியார். தஞ்சைப் பெருவுடையார் கோயிலுக்குப் பொன்னும் மணியும் செப்புத் திருமேனிகளும் வாரி வழங்கிய சிவபக்தர் அவர். திண்டிவனத்தை அடுத்த தாதாபுரத்தில், அதாவது அன்றைய இராசராசபுரத்தில், சிவனுக்கும் திருமாலுக்கும் அருகனுக்கும் தனித்தனியே ஆலயம் எடுத்தார். திருமலையில் உள்ள கோயிலும் 'குந்தவை ஜினாலயம்' என்று அவர் பெயராலேயே வழங்கியது. மூன்று தெய்வத்தையும் ஒரே கருவறையில் வைத்து அவர் வேற்றுமையை மறைக்கவில்லை. அவரவர்க்கு அவரவர் முறைப்படி கோயில் அமைந்தது. நன்கொடையாளர்கள் இதனைச் சற்றே நின்று எண்ணலாம்.

அதே மலையில் பின்னாளில் அதிகமான் மரபினனான விடுகாதழகிய பெருமாள் என்பான், தன் முன்னோனாகிய எழினி அமைத்த யட்ச, யட்சி உருவங்களைப் புதுப்பித்துக் கல்வெட்டும் வைத்தான். வேண்டுவார் வேண்டியதை அருகனிடம் கேட்பதில்லை. அவனைச் சூழ்ந்து தொண்டு செய்யும் இத்தெய்வங்களிடமே கேட்பர் என்று அறிந்தவர்க்கு, அவ்வரசன் ஏன் இவ்வுருவங்களில் கருத்துச் செலுத்தினான் என்பது விளங்கும்.

திருமலையை வரலாற்று ஆசிரியர்கள் நன்கறிவார்கள். முதலாம் இராசேந்திர சோழனின் பதின்மூன்றாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று அங்கே இருக்கிறது. ஹுல்ட்ஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1890-இல் வெளியிட்ட தென்னிந்தியக் கல்வெட்டுக்களின் முதல் தொகுதியில் அது அச்சேறியது. வங்காளத்து மகிபாலனை வென்றதும், கங்கைக் கரை வரை படை சென்றதும் அதன் மெய்க்கீர்த்தியில் விரிவாகக் கூறப்படுகின்றன. அவ்வரிகளை எடுத்தாளாத சோழர் வரலாறு இல்லை. வங்க நாட்டு வரலாற்றை எழுதுவோரும் அவற்றைத் தேடி வருகிறார்கள். மன்னனுடைய வெற்றிகளெல்லாம் சொல்லி முடிந்தபின், அக்கல்வெட்டு எதற்காக வெட்டப்பட்டதோ அச்செய்தி இறுதியில் வருகிறது. பெரும்பாணப்பாடியைச் சேர்ந்த மல்லியூரில் வாழ்ந்த நன்னப்பயன் என்னும் வணிகனின் மனைவி சாமுண்டப்பை, குந்தவை ஜினாலயத்துத் தேவர்க்குத் திருநந்தாவிளக்கு ஒன்று எரிவதற்கும், திருவமுதுக்கும் பொருள் வைத்தாள்.